பலகைக்குக் காது இல்லை

ஒரு நிமிடம் பன்னிரண்டு நொடி. 2020 ஜூலையில் ஒரு ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு வந்த வாய்ஸ் நோட் அது. முதல் பத்து நொடிக்கு வெறும் கத்தரிக்கோல் சத்தம். க்றிச், க்றிச் என்று பீடி இலை வெட்டுகிற சத்தம். பின்னால் டிவி சீரியலில் யாரோ அழுதுகொண்டிருக்கிறார்கள். "பேசுடீ, மிஸ்ஸு கேக்கறாங்க இல்ல" என்று ஒரு அம்மாவின் குரல். அதற்கப்புறம்தான் அவள் பேசினாள்.

"மிஸ், ஆயிரம் பீடின்னா நாப்பது கட்டு மிஸ். ஒரு கட்டுக்கு இருவத்தஞ்சு. நாலு பேரு உக்காந்துகினு ஆயிரம் சுத்தினா ஆளுக்குப் பத்துக் கட்டு. அஞ்சு பேரு உக்காந்தா ஆளுக்கு எட்டுக் கட்டுதான் மிஸ் வரும். ஆளு ஜாஸ்தியானா பங்கு கம்மி. அதனால நாலுல ஒண்ணுதான் பெருசு. அஞ்சுல ஒண்ணு சின்னது."

அன்றைக்கு நான் குழுவில் போட்டிருந்த கேள்வி இவ்வளவுதான்: 1/4 பெரிதா, 1/5 பெரிதா? ஏன்? பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் 1/5 என்றார்கள். நாலைவிட அஞ்சு பெரிசு, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. கால் கிலோ தக்காளி என்றால் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பிள்ளைகள் இவர்கள். ஆனால் அந்தக் காலும் கரும்பலகையில் இருக்கிற 1/4ம் ஒன்று என்பதை யாரும் அவர்களுக்குச் சேர்த்துவைக்கவில்லை. 'யாரும்' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது, கணக்கு டீச்சர் நான்தான். பின்னங்கள் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் வரும். அந்தப் பருவத்தின் நடுவில்தான், 2020 மார்ச்சில், பள்ளியைப் பூட்டினார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வதைத் தவிர அவள் குரலை நான் கேட்டதில்லை. நோட்டில் எழுதுவாள், பாதி தப்பாக இருக்கும், நானும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்துவிடுவேன். அவள் மண்டைக்குள் இப்படி ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. அந்த வாய்ஸ் நோட்டை அன்றைக்கு மூன்று முறை கேட்டேன். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நான் வேலை பார்ப்பது குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே ஒரு ஊரின் நடுநிலைப் பள்ளியில். வீடு காட்பாடியில். எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பிழைப்பு மூன்று நாலு வகைதான். பீடி, தீப்பெட்டி, தறி, இல்லையென்றால் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல், ஷூ கம்பெனி. விடிகாலையில் கம்பெனி வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், பொழுது சாய்ந்து கொண்டுவந்து விடும். வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் அது அந்த வேனில் போய்விடும். ஆன்லைன் வகுப்பு என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்தபோது இந்தச் சின்ன விஷயம் யார் கணக்கிலும் வரவில்லை. காலை பத்து மணிக்கு நேரலை வகுப்பு என்றால், பத்து மணிக்கு போன் ஆம்பூரில் இருக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும்.

நானும் முதலில் எல்லோரையும் போல நேரலை வகுப்புதான் முயன்றேன். முதல் நாள் ஆறு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் வேறு வகுப்பு, எதற்கோ தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தவர்கள். அப்புறம் வீடியோ எடுத்து அனுப்பினேன். சமையலறைச் சுவரில் சார்ட் ஒட்டி, என் மகன் போனைப் பிடிக்க, எட்டு நிமிடப் பாடம். எண்பது எம்பி. டவுன்லோட் ஆகாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு அப்பா போன் பண்ணி, "மிஸ், உங்க வீடியோ ஒண்ணு வந்தாலே ஒரு நாள் நெட்டு காலி மிஸ், கோச்சிக்காதீங்க" என்றார். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அரசு 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அப்போது பெரிய துணையாக இருந்தது, நெட் செலவு இல்லை. ஆனால் பாடம் ஓடும் நேரத்தில் பிள்ளைக்கு முன்னால் பீடி சுற்றுகிற முறம் இருக்கிறதா புத்தகம் இருக்கிறதா என்பது டிவிக்குத் தெரியாது.

வாய்ஸ் நோட் யோசனை எனக்கு உதித்ததல்ல. ஜூலையில் புதுப் புத்தகம் வாங்கப் பள்ளிக்கு வந்த ஒரு பையன்தான், "எழுதி போட்டோ எடுத்து அனுப்ப எனக்கு வராது மிஸ், பேசி அனுப்பட்டா?" என்று கேட்டான். ஒரு நிமிட வாய்ஸ் நோட் இருநூறு கேபிகூட வராது. சிக்னல் கம்மியான மூலையிலிருந்தும் தட்டுத்தடுமாறிப் போய்ச் சேர்ந்துவிடும். அப்பா எட்டரை ஒன்பதுக்கு வீடு வந்து குளிக்கப் போகிற நேரம் போதும். நான் முப்பது நொடியில் ஒரு கேள்வி கேட்பேன். அவர்கள் ராத்திரி பதில் சொல்வார்கள். விடை மட்டும் சொல்லக்கூடாது, எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். விதி அது ஒன்றுதான்.

பேச ஆரம்பித்ததும் யார் யாரோ வெளியே வந்தார்கள். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், உருது பேசுகிற வீடுகளும் நிறைய. வகுப்பில் தமிழில் திக்கித் திணறுகிற ஒருவன், "மிஸ், மொதல்ல தெலுங்குல சொல்லிட்டு அப்புறம் தமிழ்ல சொல்றேன்" என்று தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டான். தெலுங்கில் அவன் கணக்கு போடுவதைக் கேட்டால் வேறு பையன். எனக்குத் தெலுங்கு அரைகுறைதான். ஆனாலும் அவன் எங்கே தயங்கினான், எங்கே கடகடவென்று ஓடினான் என்று தெரிந்தது. எழுத்துப் பிழைக்கும் கையெழுத்துக்கும் பயந்து வாயைக் கட்டிவைத்திருந்தவர்கள் இவர்கள் எல்லோரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தப் பீடிக் கட்டு வாய்ஸ் நோட்டை மற்ற பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்ட ஆசைப்பட்டு எச்.எம்.மிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வேணாம்மா. அந்தப் பாப்பாவும் உக்காந்து இல சுத்துதுன்னு வெளிய தெரிஞ்சா அவங்க அம்மாவுக்குத்தான் பிரச்சனை" என்றார். அவர் சொன்னது சரிதான். நாலு பேர் உட்கார்ந்தால், அஞ்சு பேர் உட்கார்ந்தால் என்று அவள் சொன்னாளே, அந்த அஞ்சாவது ஆள் அவளேதான். பின்னம் அவளுக்கு விளங்கியதற்கும், பன்னிரண்டு வயதில் அவள் முறத்தின் முன்னால் உட்கார்ந்ததற்கும் காரணம் ஒன்றே. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. வாய்ஸ் நோட்டை யாருக்கும் அனுப்பவில்லை. கேள்வியை மட்டும் 'ஆயிரம் செங்கல், நாற்பது அடுக்கு' என்று மாற்றிக் குழுவில் போட்டேன்.

பள்ளி திறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது வகுப்பில் ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. வந்த அன்று பிள்ளைகளுக்குத் திருவிழா, எனக்கும்தான். படம் பளிச்சென்று தெரியும், தொட்டால் நகரும். நூற்றாண்டுக்கணக்கில் சாக்பீஸ் தூள் தின்ற ஆசிரிய வர்க்கத்துக்கு இது சும்மா வந்த வரமல்ல, வரவேண்டிய நிலுவை.

ஒரு நாள் ஆறாம் வகுப்பில் பாட வீடியோ ஒன்றை ஓடவிட்டேன். நல்ல தெளிவான குரல். "குழந்தைகளே, இந்தப் பின்னத்தின் மதிப்பு என்ன?" என்று கேட்டுவிட்டு மூன்று நொடி நின்றது. பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். போர்டு, "மிகச் சரி!" என்றது. கைதட்டல் வேறு. அடுத்த கேள்வி. மறுபடி மூன்று நொடி. இந்தத் தடவை நடு வரிசையில் ஒரு வாலு எழுந்து, "பரோட்டா!" என்று கத்தினான். போர்டு கொஞ்சமும் அசராமல், "மிகச் சரி!" என்றது. வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. நானும் திரும்பி நின்று சிரித்தேன். அன்றிலிருந்து எந்த வீடியோ கேள்வி கேட்டாலும் பரோட்டா, சால்னா, பிரியாணி என்று பதில் வரும். போர்டும் சளைக்காமல் பாராட்டிக்கொண்டிருக்கும்.

அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எங்களுக்கு நடந்த எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவன் ஒரே சொல்லில் சொல்லிவிட்டான். பலகைக்கு வாய் இருக்கிறது, காது இல்லை.

இந்த மாநிலத்தில் பள்ளிக்கு வந்த சாதனங்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கிறேன். 2011ல் விலையில்லா மடிக்கணினி. 2018ல் புதுப் பாடத்திட்டத்தோடு புத்தகத்தில் க்யூஆர் கோடு. 2019ல் கல்வித் தொலைக்காட்சி. 2023ல் பாட வீடியோக்களுக்கு மணற்கேணி செயலி. அதோடு ஹைடெக் லேப், ஸ்மார்ட் வகுப்பறை. வேறு பல மாநிலத்து ஆசிரியர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள். இதெல்லாம் வீண் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். என் மாணவி ஒருத்தி அந்த மடிக்கணினியை வைத்துத்தான் கல்லூரி முடித்தாள், விசைப்பலகையில் இரண்டு எழுத்து பெயர்ந்த பின்னும். ஆனால் இவற்றில் முக்கால்வாசி, நல்ல பாடத்தை நல்ல குரலில் பிள்ளையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடு. பிள்ளையிடமிருந்து எதையாவது எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிறவை கம்மி.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். அங்கே இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணினால் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் திறக்கும். முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம், மூன்று கோணமும் பக்கத்தில் எண்ணாக மாறிக்கொண்டே இருக்கும். கூட்டினால் 180. இதை நான் வருஷா வருஷம் பேப்பரைக் கிழித்து ஒட்டிக் காட்டுவேன், பிள்ளைகளும் தலையாட்டுவார்கள். போர்டில் அந்த முனையைத் தொட விட்டபோது ஒருத்தன் அதை உடைத்தே தீருவது என்று கிளம்பிவிட்டான். ஊசி மாதிரி நீட்டினான். தட்டையாக நசுக்கினான். போர்டின் ஓரம் வரை இஸ்துகினு போனான். "இன்னா மிஸ் இது, எவ்ளோ இஸ்தாலும் நூத்தியெம்பதே வருது!" என்று கடைசியில் கோபமே வந்துவிட்டது அவனுக்கு. அது நிரூபணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிரூபணம் எதற்குத் தேவை என்று அவனுக்கு அன்றைக்குத் தோன்றியிருக்கும். அவன் கைக்கு அந்தப் பலகை பதில் சொன்னது. பரோட்டா போர்டும் இதே போர்டுதான்.

இது ஒரு டீச்சரின் ஆதங்கம் மட்டும் இல்லை என்பதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. பெரு நாட்டில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்துப் பிறகு அளந்து பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவில்லை. டெல்லியில் பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் 619 நடுநிலை வகுப்பு மாணவர்களை வைத்து மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம், குறிப்பாகக் கணக்கில். இரண்டிலும் இருந்தது கணினிதான். டெல்லியில் அந்த மென்பொருள் பிள்ளை எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தது. ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நாலாம் வகுப்புக் கணக்கு வரவில்லையென்றால் நாலாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தது. போடுகிற ஒவ்வொரு தப்பையும் வைத்து அடுத்த கேள்வியை மாற்றியது. பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்தார்கள்.

நம் ஊர்க் கதை அதைவிட சுவாரசியம். அதே முரளிதரனும் அபிஜீத் சிங்கும் மௌரீசியோ ரொமெரோவும் கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டில் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். இழப்பு பெரிதுதான். ஆனால் பள்ளி திறந்து ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. திரும்பியதில் கிட்டத்தட்ட கால்வாசிக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி. பள்ளி நேரத்துக்கு வெளியே தன்னார்வலர்கள் பாடம் சொல்லிக்கொடுக்க அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். எங்கள் ஊரில் அது நடந்தது மாரியம்மன் கோயில் திண்ணையில். பி.காம். படித்துவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், பதினெட்டு பிள்ளைகள், ஒரு ட்யூப்லைட். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வாசித்துக் காட்டும், அவள் கேட்பாள். அவ்வளவுதான் அங்கே இருந்த தொழில்நுட்பம்.

கேட்பதற்கு ஆகும் செலவை மறைக்கக் கூடாது. முப்பது பிள்ளை, ஆளுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் முக்கால் மணி நேரம். பதிலும் சொல்ல வேண்டும். ஊரடங்கில் ராத்திரி பத்தரை வரை காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர், "ஊர்ப் பிள்ளைங்க சொல்றதெல்லாம் கேக்கற, நான் சொல்றது கேக்குதா?" என்பார். பள்ளி திறந்தபின் வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்தேன். ரயில் ஓட ஆரம்பித்ததும் குடியாத்தம் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தால், ஒன்றரை மடங்கு வேகத்தில் லத்தேரி தாண்டுவதற்குள் பாதி முடித்துவிடலாம். அதில் ஒரு ஆபத்து உண்டு. வேகமாக ஓடவிட்டால் தயக்கம் கேட்காது. எனக்கு வேண்டியதே தயக்கம்தான். இப்போது தெரிந்த பிள்ளைகளை மட்டும் வேகமாகவும், மற்றவர்களை நிதானமாகவும் கேட்கிறேன்.

இந்த நேரத்தை எனக்கு யார் தருவார்கள்? பள்ளிக்கு ஒரு சாதனம் வரும்போது அதோடு ஒரு பதிவேடும் வருகிறது. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை பேர் பார்த்தார்கள், போட்டோ எங்கே. ஒரு முறை இப்படி ஒரு விவரத்தை ஏற்றுவதற்காக சிக்னல் தேடி நானும் சக ஆசிரியையும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றோம். கோடை வெயில், வேலூர் வெயில். வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'மீண்டும் முயலவும்' என்றது. கீழே வகுப்பில் பிள்ளைகள் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அரை மணியில் இருபது பிள்ளை பேசுவதைக் கேட்டிருக்கலாம் என்று கணக்கு டீச்சர் புத்தி கணக்குப் போட்டது.

ஜவ்வாது மலையில் என் தோழி ஒருத்தி உண்டு உறைவிடப் பள்ளியில் இருக்கிறாள். அவளிடம் இந்தப் புலம்பலைச் சொன்னால் சிரிப்பாள். "உனக்குத் தொட்டி மேல ஏறினா சிக்னலாவது வருது." அந்த மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986லிருந்து அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. யுரேனஸ் வரை எட்டுகிற மலையில், கீழே இருக்கிற கிராமத்து வாட்ஸ்அப்கூட எட்டாத ஊர்கள் இருக்கின்றன. அவள் பாட வீடியோக்களைத் திருப்பத்தூருக்கு இறங்கும்போது பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போவாள். வாய்ஸ் நோட் பழக்கத்தை என்னிடமிருந்துதான் எடுத்தாள், ஆனால் நெட் இல்லாமல். பள்ளியில் ஒரு பழைய போன். பிள்ளைகள் சாயங்காலம் வரிசையில் வந்து, மரத்தடியில் தனியாக நின்று, ரெகார்டரில் பேசிவிட்டுப் போவார்கள். ராத்திரி விடுதியில் அவள் கேட்பாள். தனியாக நின்று பேசுவதுதான் முக்கியம் என்கிறாள். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லாதபோது பிள்ளை தப்பாகப் பேசத் தயங்குவதில்லை. தப்பு தெரிந்தால்தான் அவளுக்கு வேலை.

அவளுடைய போன் விலை இன்றைக்குப் பார்த்தால் எங்கள் போர்டின் ஸ்டாண்டு விலைகூட இருக்காது.

அந்தப் பீடிக் கட்டுப் பெண் இப்போது பிளஸ் டூ. காமர்ஸ் எடுத்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "மிஸ்!" என்று சத்தமாகக் கூப்பிடுவாள், அந்தக் குரல் எனக்குப் போனில் பழக்கமான குரல். அம்மா இன்னும் இலை வெட்டுகிறார். இவள் உட்காருவதில்லையாம், அப்படித்தான் சொன்னாள்.

இந்த வருஷம் அவள் உட்கார்ந்திருந்த அதே கடைசி வரிசையில் வேறொருத்தி. ஜூனிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன வாரம்தான் முதல்முறையாக அவள் வீட்டு நம்பரிலிருந்து ஒன்று வந்தது. பதினாலு நொடி. ஃபேன் சத்தம், தூரத்தில் ஒரு பைக், ஒரு மூச்சு. யாரோ எதையோ சொல்ல வாயெடுத்த மாதிரி. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. லத்தேரியில் ரயில் நின்றிருந்தது. வேகத்தை ஒன்றுக்குக் குறைத்து மறுபடி கேட்டேன்.

"வந்துச்சும்மா, கேட்டேன். நாளைக்கும் அனுப்பு" என்று பேசி அனுப்பினேன்.